மருத்துவரின் கேள்விகள்

பாலக்கோட்டுக்காரர்களுக்குக் கேழ்வரகைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆனால் சால்பிடித்து விதைப்பது, நாற்றுவிட்டு நடுவது என்று அந்தப் பயிரின் நுணுக்கங்களை 1800-இலேயே குடியானவர்களிடம் கேட்டு எழுதி வைத்தவர் ஒரு ஸ்காட்லாந்து மருத்துவர்: பிரான்சிஸ் புக்கானன்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள மருத்துவப் பணியில் 1794-இல் சேர்ந்தவர். திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அவரை மைசூர், கனரா, மலபார் பகுதிகளை ஆராய அனுப்பினார். ஏப்ரல் 1800-இல் சென்னையில் கிளம்பியவர் திரும்பியது ஜூலை 1801-இல். பாலக்கோடு அடங்கிய பாராமகால் 1792-லேயே கம்பெனி கைக்கு வந்துவிட்டது. புக்கானன் துருவியதில் பெரும்பகுதி அதையொட்டிய மைசூர்ச் சீமை.

1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது நாட்குறிப்பின் ருசியே அதன் சில்லறை விவரங்கள்தான். ஊருக்கு ஊர் மாறும் சேர், கண்டகம் என்ற அளவைகளின் கணக்கு. கலப்பையின் படம். சென்னப்பட்டணத்தில் இழுக்கப்பட்ட எஃகுக் கம்பி, வாத்தியத் தந்தியாக வெளியூர்களுக்குப் போன சேதி.

கம்பெனிக்கு வேண்டியது வருமானக் கணக்கு. இவரோ நெசவாளி, கொல்லர், செக்காட்டி என ஒருவரையும் விடவில்லை. கேட்டதை நம்பாத இடத்தில், நம்பவில்லை என்றே எழுதினார்.