வண்ணம் கூடக் கூட மறைந்த வெண்மை

சீனப் பீங்கானின் வண்ண ஓவியத்தைப் பற்றிப் பேசும்போது, நிறங்கள் ஒவ்வொன்றாகக் கூடிய வளர்ச்சிக் கதையாகவே அதைச் சொல்வது வழக்கம். மிங் காலத்து நீலத்தில் தொடங்கி, சிங் காலத்து இளஞ்சிவப்பில் உச்சம் தொட்டதாக அந்தக் கதை முடியும். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. நிறம் பெருகியபோது பீங்கான் எதைப் பெற்றது, எதை இழந்தது என்று சேர்த்தே எடைபோட வேண்டும்.

பீங்கானுக்குப் பெயர்பெற்ற ஜிங்டெஜென் நகரச் சூளைகளில் பீங்கான் ஏறத்தாழ 1300 பாகை செல்சியஸில் வெந்தது. அந்தச் சூட்டைத் தாங்கி மெருகுப்பூச்சுக்கு அடியில் நிற்கக்கூடிய நிறங்கள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது கோபால்ட் நீலம். மஞ்சள், பச்சை போன்றவற்றை வெந்த பாத்திரத்தின் மேல் தீட்டி, ஏறத்தாழ 800 பாகையில் மறுபடி சுட வேண்டும்.

இந்த இரண்டு சூடுகளையும் ஒரே ஓவியத்தில் இணைத்தது செங்குவா பேரரசர் காலத்து (1465–1487) தோவ்சாய் முறை. கோட்டுருவம் மெருகுக்கு அடியில் நீலத்தில். அதை நிரப்பும் வண்ணம் மெருகுக்கு மேல். சேவலும் கோழியும் குஞ்சுகளும் உலவும் அக்காலத்துச் சிறு கிண்ணம் ஒன்று 2014இல் ஹாங்காங்கில் 28 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்த விலையைவிட, பறவைகளைச் சுற்றி விடப்பட்டிருக்கும் வெற்றிடமே என்னைக் கவர்கிறது. வெண்பீங்கானே அங்கு ஒளியாகவும் வெளியாகவும் நிற்கிறது. குறையும் உண்டு: வண்ணம் தட்டையானது, இதழின் மென்மையை நிழலிட்டுக் காட்ட அதனால் முடியாது.

அந்தக் குறையை 1720களில் ஃபென்சாய் என்னும் மெருகுமேல் வண்ண முறை தீர்த்தது. தங்கத்திலிருந்து மாணிக்கச் சிவப்பும், ஈயமும் ஆர்சனிக்கும் சேர்ந்த ஒளி ஊடுருவாத வெள்ளையும் ஓவியர் கைக்கு வந்தன. வெள்ளையைக் கலந்து எந்த நிறத்தையும் படிப்படியாக வெளுக்கச் செய்யலாம். யோங்செங் பேரரசர் காலத்துப் (1723–1735) பீச் கிண்ணங்களில் இதன் முழு அழகையும் காணலாம். வெளிப்புறத்தில் கிளம்பும் கிளை விளிம்பைத் தாண்டி உட்புறத்தில் பூக்கிறது. கிண்ணத்தைத் திருப்பினால்தான் ஓவியம் முழுமையாகும்.

ஆனால் அதே வெள்ளைதான் பீங்கானை மறைக்கவும் வழி செய்தது. சியான்லோங் பேரரசர் காலத்தில் (1736–1795) பாத்திரம் முழுவதும் பூக்களால் மூடப்பட்டது. மரம்போலவும் வெண்கலம்போலவும் தோன்றும் பீங்கான்கள் போற்றப்பட்டன. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் 86.4 செ.மீ. உயரச் சாடி ஒன்று இருக்கிறது. பல மெருகு வகைகளும் வண்ண முறைகளும் ஒரே உடலில் அடுக்கப்பட்டது அது. வெவ்வேறு சூடு கேட்கும் பூச்சுகளை ஒரே பாத்திரத்தில் பிழையின்றிச் சுட்டெடுப்பது வியத்தகு சாதனை. சூளைக்காரர்களின் திறமைக்குத் தலைவணங்கலாம். கண்ணுக்கோ இளைப்பாற இடமில்லை.

இந்த நெரிசலுக்கு வேலைப் பங்கீட்டைக் குறைசொல்வோர் உண்டு. விளிம்புக் கோடு ஒருவருக்கு, பூவின் வரையுரு இன்னொருவருக்கு, வண்ணம் மூன்றாமவருக்கு என வேலை பிரிந்திருந்ததை 1712இல் பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரெகோல் ஜிங்டெஜெனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் பல கைகள் பட்டதாலேயே ஒரு படைப்பு சிதைந்துவிடாது. இரண்டு தனித்தனிக் கட்டங்களில் உருவான தோவ்சாய் கிண்ணம் ஒருமை குலையாமல் நிற்கிறதே. தெரிந்த வித்தை அனைத்தையும் ஒரே பாத்திரத்தில் காட்ட விழைந்த அரசவை ரசனையே சிதைவின் வேர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. மெருகின் மேல் நிற்கும் வண்ணம் புழக்கத்தில் தேயும். அடியில் உறையும் நீலம் தேயாது. ஃபென்சாய் தன் நுட்பத்துக்குக் கொடுத்த விலை இது.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே: அந்த ஓவியத்தைப் பட்டுத்துணிக்கு மாற்றினால் ஏதாவது குறையுமா? செங்குவா கிண்ணத்தில் வெண்மை போய்விடும். யோங்செங் கிண்ணத்தில் விளிம்பைத் தாண்டும் கிளை போய்விடும். பூக்களால் மூடிய சியான்லோங் பாத்திரத்தில் குறைவது மிகச் சொற்பம். நிறங்களின் தொகையை விடுத்து இந்தக் கேள்வியால் அளந்தால், சீன வண்ணப் பீங்கானின் உச்சம் சியான்லோங்குக்கு முன்பே எட்டப்பட்டுவிட்டது.