தெரிந்த பாட்டு

வண்டியூரைச் சுற்றியுள்ள கிராமத் திருவிழாக்களில் இன்றும் ‘வள்ளி திருமணம்’ விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வள்ளியும் வேலனும் அன்றிரவு மேடையில்தான் முதல் தடவையாகச் சந்திக்கக்கூடும். 1922ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் விட்டுப்போன பாட்டுகள் இருவருக்கும் தெரியும். முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு இருவரையும்விட நன்றாகத் தெரியும். தெரிந்த பாட்டை இவள் எப்படி எடுக்கப்போகிறாள் என்று பார்க்கவே கிழவி வந்திருக்கிறாள். பிடிக்காவிட்டால் அங்கேயே தூங்கிவிடுவாள்.

ஏற்கெனவே ஜனங்கள் வாயில் புழங்கும் பாட்டுகளை வைத்துக் கட்டப்படும் சினிமாவைப் பற்றி யோசிக்கும்போது, இந்தக் கிழவியைத் தவிர வேறு அளவுகோல் எனக்கு அகப்படவில்லை. ஆபா குழுவின் பாட்டுகளுக்கேற்பக் கதை தைத்த ‘மம்மா மியா’ (2008) போன்றவற்றைக் காட்டி இதை மேல்நாட்டுப் புதுமை என்பவர்கள், நம் பேசும்படத்தின் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள். 1860களில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தன் சரித்திரம், கதாகாலட்சேபங்களில் ஊறி ஊறி, 1935ல் கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடமிட்டு நடித்த ‘நந்தனார்’ படமாயிற்று. பார்க்க வந்தவன் பாட்டை வீட்டிலிருந்தே கொண்டுவந்தான். புதிய குரல் அவன் ஞாபகத்தோடு மோதி ஜெயிக்க வேண்டியிருந்தது.

இன்று நம் படங்கள் பெரும்பாலும் இரவல் வாங்குவது பாட்டையல்ல, ஒலிப்பதிவை. வித்தியாசம் சின்னதில்லை. பாட்டென்றால் மறுபடி பாடியாக வேண்டும். ஒலிப்பதிவை ஓடவிட்டால் போதும். மதுரையின் 1980ஐக் காட்டும் ‘சுப்பிரமணியபுரம்’ (2008), அதே 1980ல் வந்த ‘கல்லுக்குள் ஈரம்’ படப் பாட்டை ஒலிக்கவிடுகிறது. அங்கே பாட்டு, சுவரில் மாட்டிய காலண்டர். காலண்டருக்குள்ள நேர்மை அதற்கு உண்டு, அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை.

‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) விஷயம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கொடைக்கானல் குகைக்குள் விழுந்தவன் மேலே வரும் தருணத்தில், அதே குகையில் படமாக்கப்பட்ட ‘குணா’ (1991) பாட்டு எழுகிறது. தியேட்டரில் எல்லோரோடும் நானும் அழுதேன். காதலுக்குச் சொன்னது நட்புக்குத் திரும்புவது கற்பனைதான், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள் பேங்க் கவுண்டரில் பற்று வரவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது கேள்வி வந்தது: அந்தக் கண்ணீரை யார் கணக்கில் வரவு வைப்பது? பாதிக்குமேல் என் சிறுவயது வீட்டின் டேப்ரிக்கார்டருக்குத்தான் சேரும். இளையராஜா அந்த ஆண்டே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அது சட்டம் கேட்கும் கடன். விமர்சனம் கேட்கவேண்டிய கடன் வேறு. பார்வையாளனின் ஞாபகத்தை எடுத்துக்கொண்ட படம் அவனுக்கு என்ன திருப்பித் தந்தது?

‘96’ (2018) தருகிறது. அந்தப் படத்தின் மற்ற நெகிழ்ச்சிகளில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் பள்ளிக்கூடத்தில் ராம் ஓயாமல் ‘தளபதி’ (1991) படத்தின் ஒரு சிறிய பாட்டைக் கேட்கிறான். ஜானு அதை மட்டும் பாடுவதில்லை. இருபத்திரண்டு வருஷம். நமக்குத் தெரிந்த பாட்டு நமக்கே மறுக்கப்படுகிறது. கடைசியில் மின்சாரம் போன வீட்டில் அவள் பாடும்போது பழைய ஒலிப்பதிவு ஓடவில்லை. வேறொரு குரல் பாடுகிறது. ‘தளபதி’யில் அந்தப் பாட்டுக்கு இல்லாத வயது இங்கே வந்துவிட்டிருக்கிறது. இதை இந்தப் படம்தான் செய்தது, என் ஞாபகம் செய்யவில்லை.

ஞாபகத்தையே ரசனை என்று நாம் குழப்பிக்கொண்டுவிட்டோம். முதல் இரண்டு ஸ்வரத்தில் விசிலடிப்பவன், அதற்குப்பின் கேட்பதில்லை. நானும் அடித்தவன்தான். கிழவி விசிலடிப்பதில்லை. பாட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள்.