மனிதர் இயல்பில் பகுத்தறிவுள்ளவரா? கானமன் நூல் குறித்த ஒரு திறனாய்வு

மனிதர் இயல்பாகவே பகுத்தறிந்து நடப்பவர் என்பது மேலைத் தத்துவத்தில் நெடுங்காலம் நிலவிய கருத்து. உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1970களில் நடத்திய ஆய்வுகள் அதை அசைத்தன. கானமன் 2002இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ (2011) என்னும் நூல் அவ்வாய்வுகளைப் பொது வாசகரிடம் கொண்டு சேர்த்தது.

மனம் பெரும்பாலும் விரைந்து, தானாகவே முடிவெடுக்கிறது. நிதானமான சிந்தனை பல வேளைகளில் அம்முடிவை அப்படியே ஏற்றுக்கொள்கிறது என்பது நூலின் மையக் கருத்து. இதற்குப் புகழ்பெற்ற சான்று 1983இல் வெளியான லிண்டா சோதனை. லிண்டா என்னும் கற்பனைப் பெண் தத்துவம் படித்தவர், சமூக நீதியில் அக்கறை உள்ளவர். அவர் வங்கி ஊழியராக இருக்க வாய்ப்பு அதிகமா, பெண்ணிய இயக்கத்தில் ஈடுபடும் வங்கி ஊழியராக இருக்க வாய்ப்பு அதிகமா? சுமார் 85 விழுக்காட்டினர் இரண்டாவதைத் தேர்ந்தனர். இது பிழை. இரண்டாவது வகையினர் அனைவரும் முதல் வகைக்குள் அடங்கியவர்களே.

ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் இதை மறுத்தார். ‘இத்தகைய நூறு பெண்களில் எத்தனை பேர்?’ என்று கேட்டால் பிழை வெகுவாகக் குறைகிறது. எனவே குறை கேள்வியின் வடிவத்திலும் உள்ளது என்றார். இம்மறுப்பு நியாயமானது. ஆனால் விளம்பரமும் தேர்தல் மேடையும் கேள்விகளை வசதியான வடிவில் தருவதில்லை.

நூலின் பெரிய குறை அதன் நான்காம் இயலில் உள்ளது. முதுமை தொடர்பான சொற்களைக் கையாண்ட மாணவர்கள் பின்னர் மெதுவாக நடந்தனர் என்ற 1996ஆம் ஆண்டு ஆய்வையும் அதுபோன்ற பிறவற்றையும் ஐயத்துக்கு இடமில்லாதவை போல் கானமன் முன்வைக்கிறார். பெல்ஜியத்தில் தானியங்கிக் கருவியால் நடைநேரத்தை அளந்து இச்சோதனையை மீண்டும் செய்தபோது அவ்விளைவு கிடைக்கவில்லை. இது 2012இல் வெளியானது. சிறிய மாதிரிகளை வைத்து நடந்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017இல் கானமனே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பயிற்சி பெற்ற ஆய்வாளர்களும் சிறிய மாதிரிகளை மிகையாக நம்புகிறார்கள் என்று 1971இல் ட்வெர்ஸ்கியுடன் சேர்ந்து கட்டுரை எழுதியவரும் அவரே.

ஒரு பிழையை முதலில் விளக்கியவரே பின்னர் அதில் விழுந்தார் என்பது நூலின் வாதத்துக்கு வலுச் சேர்ப்பதுபோல் தோன்றும். ஆனால் அப்பிழை அப்படியே நிலைத்துவிடவில்லை. வேறு ஆய்வாளர்கள் சோதனையைத் திரும்பச் செய்தனர், கணக்குகளைச் சரிபார்த்தனர், கானமனும் ஏற்றுக்கொண்டார். தனிமனம் எளிதில் தவறும். அதைத் திருத்தப் பிறர் வேண்டும். நிறுவனங்கள் தனிமனிதரைவிட நன்றாகப் பிழையைத் தவிர்க்க முடியும் என்று நூலின் முடிவுரை சொல்கிறது. ஆனால் அக்கருத்து அங்கே சுருக்கமாகவே நின்றுவிடுகிறது. நூலின் பெரும்பகுதி தனியாக விடையளிக்கும் மனிதரைப் பற்றியது. மனிதர் பகுத்தறிவற்றவர் என்ற முடிவுக்கு வாசகர் எளிதில் வந்துவிட இதுவும் ஒரு காரணம்.

மாணவர்கள் நான்காம் இயலை 1971ஆம் ஆண்டுக் கட்டுரையோடு சேர்த்துப் படிப்பது நல்லது.