அரசரத்தினமும் தோட்டத்துப் பெயர்களும்

யாழ்ப்பாணத்தில் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்து, பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர் சின்னப்பா அரசரத்தினம் (1930–1998). மலேசிய, சிங்கப்பூர் இந்தியர் குறித்து 1970இல் அவர் வெளியிட்ட நூலை விலக்கி இத்துறையில் எவரும் எழுத இயலாது. கங்காணி முறையையும், தொழிலாளர் குடியேற்றத்திற்கு 1938இல் இந்திய அரசு விதித்த தடையையும் ஒரே வரலாறாக இணைத்துக் காட்டிய நூல் அது.

எனினும், நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து வரும் மாணவர்க்கு அதனைக் கற்பிக்கையில் ஒரு குறை உறுத்துகிறது. தலைவர்கள் அதில் பெயரோடு வருகின்றனர். போர்ட்டிக்சன், ரெம்பாவ் வட்டாரங்களில் பெரட்டுக்கு நின்ற பால்மரத் தொழிலாளர் தொகையாக மட்டுமே வருகின்றனர். யாழ்ப்பாணத்தார் பலர் இந்நாட்டில் கிராணிகளாக இருந்தனர், பார்வையும் அவ்வாறே அமைந்தது என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அதனை ஏற்கவில்லை. சோழமண்டலக் கடற்கரை வணிகம் பற்றி 1986இல் எழுதியபோது இதே ஆசிரியர் தமிழ், தெலுங்கு வணிகரைப் பெயர் சொல்லியே எழுதினார். டச்சு ஆவணங்கள் அப்பெயர்களைக் காத்திருந்தன. தோட்டத்துச் செக்ரோலிலும் பெயர்கள் இருக்கவே செய்தன. குடியேற்ற ஆட்சியின் ஆண்டறிக்கையை எட்டுமுன் அவை கூட்டுத்தொகையாயின. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி லயங்கள் இடிபட்ட பின் எத்தனை செக்ரோல்கள் எஞ்சியிருக்கும்? மாணவர் தம் பாட்டிமாரிடம் கேட்டுவரும் பெயர்களை நம் படியின் பக்க ஓரத்தில் குறித்து வருகிறோம். சில பக்கங்களில் இப்போது இடமில்லை.