சுடாமல் இறக்கும் துப்பாக்கி

பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியில், அதாவது அழுத்தப்பட்ட காற்றால் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டைச் செலுத்தும் துப்பாக்கியால் 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுடும் தகுதிச்சுற்றில், இலக்கின் நடுவிலுள்ள பத்துக்குரிய வெண்புள்ளி அரை மில்லிமீட்டரே என்பதால், விசையை அழுத்தும் விரலைவிட, மூச்சை நிறுத்திய சில விநாடிகளில் குறி நிலைக்காதபோது சுடாமலே துப்பாக்கியை இறக்கி மறுபடி தொடங்கும் மனமே வியப்புக்குரியது. கடிகாரம் ஓடுகையில் அந்தப் பொறுமை எளிதன்று. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இதே போட்டியில் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 630.7 புள்ளிகள் எடுத்தும், எட்டுப் பேருக்கே இறுதிச்சுற்றில் இடமிருந்ததால், பத்தாமிடத்தோடு வெளியேறினார். ஒரு குண்டுக்கு உச்சமே 10.9 எனும்போது, அவர் எடுத்தது சராசரியாக 10.5க்கும் மேல். அதைச் சறுக்கல் என்று எழுதுவது கணக்கறியாதவர் வேலை.