கல்லின் சாட்சியும் தெருவின் சாட்சியும்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லும் சாலையில், பழையாற்றின் கரையில் அமைந்துள்ளது சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். நாஞ்சில் நாட்டவரான வரலாற்றறிஞர் கே. கே. பிள்ளை இக்கோயிலைக் குறித்து ஆங்கிலத்தில் எழுதிய நூலைச் சென்னைக் கலாக்ஷேத்ரா 1953-ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமிழகத்தின் தனிக்கோயில் ஆய்வுகளுள் முன்னோடியான இந்நூலைத் திருச்சபை ஊழியர்கள் ஏன் கற்கவேண்டும் என்பதையும், அது காட்டும் முறை எவ்விடத்தில் நமக்குப் போதாது என்பதையும் இங்கு ஆராய விரும்புகிறோம்.

பழைய கட்டடத்தைக் காப்பது என்றவுடன் சுண்ணாம்பும் சாரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், எழுத்தில் பதிவாகாத கட்டடம், கல் சிதையாமல் நின்றாலும் ஊமையாகிவிடும். பிள்ளையவர்கள் இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர். ஏழு நிலைக் கோபுரத்தையும் இசைத் தூண்களையும் வியந்து பாடுவதோடு அவர் நிற்கவில்லை. கல்வெட்டுகளையும் கோயில் ஆவணங்களையும் ஆதாரமாகக் கொண்டு, நிலம் யாரிடமிருந்து வந்தது, நிர்வாகம் எவர் கையில் இருந்தது, விழாக்கள் எவ்வாறு நடந்தன என்று வினவுகிறார். கோயிலை ஒரு கலைப்பொருளாக மட்டுமன்றி, ஒரு சமூக நிறுவனமாகவும் காண்கிறார். இந்நூலின் தலையாய சிறப்பு இதுவே எனலாம்.

இவ்வூரின் பெயரே தூய்மை என்னும் பொருள்தரும் 'சுசி' என்ற சொல்லோடு இணைத்துக் கூறப்படுகிறது. இந்திரன் இங்கே கொதிக்கும் நெய்யால் தூய்மை பெற்றான் என்பது தலபுராணம். ஒழுக்கக்கேட்டுக் குற்றஞ்சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கையிட்டுத் தம் குற்றமின்மையை நிறுவவேண்டும் என்ற 'கைமுக்கு' வழக்கமும் இங்கிருந்தது. சுவாதித் திருநாள் மன்னரின் ஆட்சிக்காலத்தில் (1829–1846) அது நிறுத்தப்பட்டது. இத்தகைய கசப்பான செய்தியையும் மறைக்காது ஆராய்வதே உண்மையான ஆவணப்படுத்தல் ஆகும்.

எனினும் கல்வெட்டை முதன்மை ஆதாரமாகக் கொள்ளும் எந்த ஆய்வுக்கும் ஓர் எல்லை உண்டு. கல்வெட்டு கொடுத்தவனைப் பேசும். வெளியே நிறுத்தப்பட்டவனைப் பேசாது. சுசீந்திரத்தில் தூய்மையின் பெயரால் தடுக்கப்பட்டவர்களுக்குக் கோயில் வாயில் மட்டுமன்றி, அதனைச் சுற்றியுள்ள தெருக்களும் மூடப்பட்டிருந்தன. அத்தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இல் இங்குச் சத்தியாக்கிரகம் தொடங்கியது. டாக்டர் எம். இ. நாயுடு அதன் தலைவர்களுள் ஒருவர். 1936 நவம்பர் 12-ஆம் நாள் வெளியான ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறக்கப்பட்டன. எனவே, இக்கோயிலின் வரைபடம் மதிலோடு முடியலாகாது. தடுக்கப்பட்ட தெருவும் அதன்கண் இடம்பெற வேண்டும்.

தெருவின் சாட்சியைக் கேட்க, வாய்மொழியை நாடவேண்டும். நாஞ்சில் நாட்டு வழக்காறுகளை நெடுங்காலமாகத் திரட்டிவரும் அ. கா. பெருமாள் இக்கோயிலைக் குறித்துத் தமிழில் ஒரு நூல் எழுதியிருப்பது வரவேற்கத்தக்கது. ஆங்கில ஆய்வேட்டை எட்டாத ஊரார், தம் ஊரின் வரலாற்றைத் தம் மொழியில் படித்துச் சரிபார்க்க இத்தகைய நூல்கள் வழிசெய்கின்றன.

எபேசியர் நிருபம் 2-ஆம் அதிகாரம் பேசும் பிரிவினைச் சுவரை நாம் அறிவோம். எருசலேம் தேவாலயத்தின் உட்பிராகாரத்துக்குள் புறவினத்தார் நுழைந்தால் மரணமே என்று கிரேக்க மொழியில் எச்சரிக்கும் கல்லொன்று 1871-இல் கண்டெடுக்கப்பட்டது. இன்று அது இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. விலக்கி வைத்த கல்லே, விலக்கை உடைத்த சுவிசேஷத்தின் பொருளை நமக்கு விளக்கும் சான்றாயிற்று. வெட்கத்துக்குரிய சான்றையும் காக்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

அயலார் ஆலயத்தை இவ்வாறு அளக்கும் நாம், அதே அளவுகோலை நம் ஆலயங்களுக்கும் வைக்கக் கடமைப்பட்டுள்ளோம். சுசீந்திரத்துக்கு அருகிலுள்ள மயிலாடியில், வேதமாணிக்கத்தின் அழைப்பால் வந்த ரிங்கல்தௌபே 1809-இல் ஆலயம் எழுப்பினார். மிஷனெரியின் பெயரை நாம் மறக்கவில்லை. கல் சுமந்தவர்களின் பெயர்களை எந்தப் பலகையில் எழுதினோம்? 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கக் கட்டளையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் சபையாரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. யார் எங்கே அமர்ந்தனர், யார் எங்கே அடக்கம்பண்ணப்பட்டனர் என்பதும் ஆலய வரலாறே. நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய ஆலயத்தை இடித்துக் கான்கிரீட் கட்டடம் எழுப்பும்போது, அழகு மட்டுமன்றி இச்சாட்சியமும் மண்ணோடு போகிறது.

ஆகவே, பழைய ஆலயத்தில் கைவைக்குமுன் சபைகள் செய்யத்தக்கவை சில உண்டு. வாலிபர் சங்கத்தார் கட்டடத்தை அளந்து, படமெடுத்து, கல்லறை வாசகங்களைப் படியெடுக்கலாம். ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைப் பாதுகாக்கலாம். முதியோரின் நினைவுகளை, முகங்கோணச் செய்பவை உட்பட, எழுதி வைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. உண்மையைக் கேட்கும் துணிவே வேண்டும்.

யோர்தானிலிருந்து எடுத்து நிறுத்திய பன்னிரண்டு கற்களைப் பற்றிப் பிள்ளைகள் கேட்கும்போது பெற்றோர் விடைசொல்ல வேண்டும் என்பது யோசுவாவின் கட்டளை. கல்லைக் காப்பது பாதிப் பணி. விடையைக் காப்பது மறுபாதி. அவ்விடையில் உள்ளே நின்றவரோடு வெளியே நின்றவரும் இடம்பெறும்போதுதான், நாம் நம் பிள்ளைகளிடம் மெய் சொன்னவர்களாவோம்.