மனஸ்தாபம் இல்லாத ஒப்புரவு

ஈழப்போர் முடிந்த மே மாதம் பிறந்தால் போதும், ‘மன்னிப்போம், மறப்போம்’ என்று ஒரு பிரசங்கம் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. அந்தப் போரில் பிள்ளையைத் தொலைத்த தாய்க்குக் கிறிஸ்தவம் வைத்திருக்கும் மருந்து அதுதானாம். மருந்தை நான் குறை சொல்லவில்லை. அதை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் வழக்கு.

மன்னிப்புக்குப் பலம் உண்டு. இலங்கையின் மடு மாதா திருவிழாவில் தமிழரும் சிங்களரும் அடுத்தடுத்துக் கூடாரம் போட்டுச் சோறு பொங்குகிறார்கள். 1999 நவம்பரில் எறிகணை விழுந்து, அடைக்கலம் புகுந்தவர்கள் செத்துப்போன அதே வளாகம். அங்கே இன்று பகை பேசப்படவில்லை என்றால் அதில் ஜெபமாலைக்கும் பங்குண்டு. 2015 ஜனவரியில் வந்த போப் பிரான்சிஸும், காயம் ஆற வேண்டுமானால் உண்மையைத் தேடத்தான் வேண்டும் என்று கொழும்பில் இறங்கியதும் சொன்னார். மறுநாள்தான் மடுவுக்குப் போய் மன்னிப்பைப் பேசினார். நம் பிரசங்கிகளுக்கு மடு மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைக்குப் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) முன் ஐந்து காரியம் சொல்லித் தருவார்கள். பாவத்தை யோசித்துப் பார், மனஸ்தாபப்படு (செய்ததற்கு மனம் வருந்து), இனிச் செய்யமாட்டேன் என்று உறுதி எடு, குருவிடம் வாய்விட்டுச் சொல், அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய். பக்கத்து வீட்டுக் கொய்யாவைப் பறித்த எட்டு வயசுப் பையனுக்கு இவ்வளவு சட்டம். ஒரு ராணுவத்துக்கு இதில் ஒன்றுகூட இல்லை! பாவசங்கீர்த்தனம் எனும் இந்த ஒப்புரவு அருட்சாதனத்தில் முழந்தாளிடுபவன் பாவம் செய்தவன். அதே கருத்து ‘நல்லிணக்கம்’ என்று அரசாங்கத் தமிழுக்குப் போனதும், முழந்தாளிட வேண்டியவள் தாயாகிவிடுகிறாள்.

கோவில் நியாயமும் பாவம் செய்தவனைத்தான் கேட்கும். எங்கள் ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் இருக்கிறது. அவர் முன்னால் பொய்ச்சத்தியம் செய்ய இந்தப் பக்கத்தில் இன்னும் கை கூசும். சத்தியம் செய்யச் சொல்வது சந்தேகத்துக்கு ஆளானவனை. களவு கொடுத்தவனை அல்ல. இலங்கை வன்னியின் குளக்கட்டுகளிலும் அய்யனார் உண்டு, சிங்களக் கிராமங்களில் அவர் அய்யநாயக்க. இந்த நியாயம் இரு பக்கத்தாருக்கும் புரியாததல்ல.

மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப்புக்கு அது புரிந்திருந்தது. 2011 ஜனவரியில் அரசின் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் சாபம் விடவில்லை, கழித்தல் கணக்குப் போட்டார். 2008 அக்டோபரில் கச்சேரிக் (மாவட்ட அரசு அலுவலகம்) கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. போர் முடிந்து அரசுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். கேட்டவரைப் புலி ஆதரவாளர் என்றார்கள். 2021-இல் அவர் காலமாகும்வரை அந்தக் கழித்தலுக்கு விடை வரவில்லை.

கொழும்பின் கர்தினால் மால்கம் ரஞ்சித்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2012-இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வந்தபோது, வெளியார் தலையிடக் கூடாது என்றவர். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி தேவாலயங்களில் அவருடைய மக்கள் குண்டுக்குப் பலியானார்கள். அடுத்த ஆண்டே மன்னித்துவிட்டோம் என்றார். 2022 மார்ச்சில் அதே ஜெனீவாவுக்குப் போய், பின்னால் இருந்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்று கேட்டார். கேட்டது நூற்றுக்கு நூறு சரி. மன்னித்தவருக்கும் உண்மை தேவைப்படுகிறது என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். வவுனியாவில் 2017 முதல் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும், பிள்ளைகள் காணாமல்போன தாய்மார் கேட்பதும் அதைத்தானே? அவர்கள் மடியில் இருக்கும் படங்களுக்கு மாலை கிடையாது. மாலை போட்டால் பிள்ளை செத்துவிட்டான் என்று ஆகிவிடும். யாரை மன்னிக்க, எதற்காக மன்னிக்க? செத்தானா இருக்கிறானா என்பதே தெரியாதவளை மன்னிக்கச் சொல்வது பக்தி அல்ல, அதட்டல்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியதற்கு நம் தமிழர் பக்கத்துப் பாவசங்கீர்த்தனமும் பாக்கி இருக்கிறது. அதையும் அந்த ஐந்தின்படியே செய்வோம்.

2009 மே 18-இல் வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு ராணுவத்தின் பஸ்ஸில் ஏறியவர்களில் ஒரு கத்தோலிக்கக் குருவும் உண்டு. யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளார். அந்த பஸ் எங்கே போனது என்று அவருடைய திருச்சபைக்கும் இதுவரை சொல்லப்படவில்லை.